பதினொரு செடிகள்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கெடா மாநிலத்தில் நான் பார்த்த வேலை பூச்சி எண்ணுவது. விவசாய இலாகாவில் கடைசிப் படியில் இருந்த உதவியாளன் நான். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. சுங்கைப்பட்டாணியில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை லாலாங் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, கைப்பையில் தடித்த அட்டை போட்ட நோட்டு, சீவிய பென்சில் மூன்று. வழியில் இரண்டு இடத்தில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தடுப்பில் நிற்கும் சிப்பாய்கள் பூதக்கண்ணாடியை வாங்கித் தங்கள் கை ரேகையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்த நிலத்தில், கன்றுகள் தலையெடுக்கும்வரை வரிசைகளுக்கு நடுவே மண் சும்மா கிடக்கும். அங்கே நிலக்கடலை போட்டால் எண்ணெய்க்கும் ஆகும், மண்ணுக்கும் நல்லது என்று மேலிடத்தில் நினைத்தார்கள். முதல் வருஷம் போட்டுப் பார்த்ததில் அசுவினி விழுந்து பாழாய்ப் போனது. செடிப்பேன் என்று சொல்வார்களே, அதுதான். கறுப்பாக, எள்ளில் பாதி அளவு இருக்கும். இளங்குருத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலை சுருளும், பூ உதிரும், செடி குட்டையாகவே நின்றுவிடும். எந்த ரகம் இதைத் தாங்கி நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

ஆறு ரகங்கள். ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் போட்டோம், மொத்தம் இருபத்துநாலு பாத்தி. நிலத்தில் ஒரு மூலை ஈரமாக இருக்கும், இன்னொரு மூலையில் நிழல் விழும். ஒரே இடத்தில் போட்டால் அது நிலத்தின் குணமா, ரகத்தின் குணமா என்று தெரியாது. ரகங்களுக்குப் பெயர் சொல்லாமல் நம்பர் கொடுத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் வெளியூரிலிருந்து வந்த விதை. நாலாம் நம்பர் மட்டும் அந்தப் பக்கத்துச் சீனத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. அவரையும் அவர் குடும்பத்தையும் கம்பி வேலி போட்ட புதுக் கிராமத்துக்கு மாற்றியபோது, விதைக்கு வைத்திருந்த கடலையை இலாகாவில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

தோட்டத்து ஜனங்களும் அப்போது வேலிக்குள்தான் இருந்தார்கள். ஆங்காங்கே சிதறிக் கிடந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி இழுத்திருந்தார்கள். ஒரே ஒரு வாசல். காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்கள் இருந்தார்கள். ஒரு பிடி சோறு, ஒரு பிஸ்கட்கூட வெளியே போகக் கூடாது. எல்லாம் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக. கடையில் மீன் டின் வாங்கினால்கூட, கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். அன்றைக்கே தின்றுவிட வேண்டும், சேர்த்து வைக்க முடியாது.

என் பாத்திகளோ வேலிக்கு வெளியே, வாசலிலிருந்து கால் மைல் தள்ளி இருந்தன. அதற்குத் தோட்டத்துத் துரையும் போலீசும் சேர்ந்து அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். பாத்திக்குள் போகக் கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் எனக்குத் துணையாகக் கங்காணி அனுப்பி வைத்த ஒரு பெண்.

அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். பக்கத்து வீட்டில் நாத்தனார். பால்வெட்டில் அவர் கத்தி மரத்தைக் காயப்படுத்தியதே இல்லை, கண் அவ்வளவு கூர்மை என்று கங்காணி சொல்லியிருந்தார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஐயா என்றார். மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை.

ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடிக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டிருந்தோம். வாரம் ஒருமுறை அந்தப் பத்தில் மட்டும் நுனிக் குருத்தையும் அதற்குக் கீழே இரண்டு இலையையும் புரட்டி, பேனை எண்ண வேண்டும். அவர் எண்ணிச் சொல்வார், நான் எழுதுவேன். பிறகு இரண்டில் ஒன்றை நான் எண்ணிச் சரிபார்ப்பேன். முதல் வாரம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது எதுக்கு ஐயா, கண்ணை மறைக்குது" என்றார். மூன்றாவது வாரத்தில் சரிபார்ப்பதையே நிறுத்திவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு தடவைகூட அவர் எண்ணிக்கை பிசகவில்லை.

"இது முட்டை போடாதா ஐயா?"

"போடாது அக்கா. குட்டிதான் போடும். ஆணே வேண்டாம். பொம்பளைப் பேனு பொம்பளைப் பேனாவே பெத்துக்கிட்டுப் போகும்."

அவர் இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அதுங்களுக்கு யாரையும் எதிர்பாக்க வேண்டியதில்ல" என்றார். சிரிப்புக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரத்தில் வித்தியாசம் துலங்கிவிட்டது. இரண்டாம் நம்பரில் தொட்ட விரல் ஒட்டியது. பேன் விட்ட தேன் போன்ற கசிவு இலையெல்லாம் வழிந்து, எறும்புகள் தண்டில் ஏறி இறங்கின. ஒரே குருத்தில் நூறைத் தாண்டியது. நாலாம் நம்பரில் பத்துச் செடியையும் கூட்டினாலும் இருபது தேறவில்லை. நான் நான்கு பாத்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஈர மூலையிலும் அப்படித்தான், நிழல் மூலையிலும் அப்படித்தான்.

"முரட்டுச் செடி ஐயா இது" என்றார் அக்கா. "தண்டத் தடவிப் பாருங்க, முடி குத்துது. பேனு கால வைக்க எடமில்லாம தடுமாறுது லா."

தடவிப் பார்த்தேன். உண்மைதான். இலாகாவில் என்னைவிடப் படித்தவர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. அன்றைய நோட்டில் ஒரு ஓரத்தில், தண்டில் முடி என்று எழுதி, கவனித்தது உதவியாளர் என்று சேர்த்தேன். அவர் பெயரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் வேறொரு இடத்தில் நெல்லில் பூச்சி எண்ணும்போது, மழைக்குச் சோம்பி, பார்க்காத பாத்திகளுக்கும் உத்தேசமாக எண் போட்டுவிட்டேன். மேலதிகாரி கண்டுபிடித்தார். எல்லார் முன்னாலும், "இவன் எழுதினால் அதில் பூச்சி இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்புச் சத்தம் வெகுநாள் காதில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு முடிவு செய்திருந்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது, பார்த்தது எதையும் விடாமல் எழுதுவது. அந்த நோட்டை நான் என் மானம் என்றே நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாவது வாரம். காய் பிடித்து, முற்றுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நாலாம் நம்பர் மற்றவற்றைவிட முந்தி. அன்றைக்கு முதல் பாத்திக்குள் கால் வைத்ததுமே செடிகளுக்கு நடுவே பல் விழுந்தது போல ஓட்டைகள் தெரிந்தன. நாலாம் நம்பர் பாத்தி நான்கிலும் செடிகள் காணோம். எண்ணினேன். முதலாவதில் மூன்று, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் மூன்று. மொத்தம் பதினொன்று. குச்சி நட்ட செடிகள் மட்டும் முழுசாக இருந்தன. என் எண்ணிக்கை கெடவில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி வந்தது.

குனிந்து மண்ணைப் பார்த்தேன். குழியை யாரோ காலால் மெதுவாக மூடியிருந்தார்கள்.

அக்கா எனக்குப் பின்னால் நின்றார். "பன்னி தோண்டியிருக்கும் ஐயா" என்றார்.

"பன்னி தோண்டினா மண்ணு வாரி அடிச்சிருக்கும் அக்கா. இது கையால பிடுங்கினது."

"நோட்டுல எழுதுவீங்களா?"

"எழுதணும்."

"பன்னின்னு எழுதுங்க ஐயா."

"நான் பன்னியப் பாக்கலையே" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது. என் பாத்தியில் யாரோ கை வைத்துவிட்டான் என்ற கோபம். யாராக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அக்கா அடுத்த பாத்திக்குப் போய் உட்கார்ந்து, வழக்கம்போல இலையைப் புரட்டி எண்ணத் தொடங்கினார். நான் இங்கிலீஷில் எழுதினேன்: நாலாம் நம்பர், பதினொரு செடிகள் இல்லை, மனிதக் கையால் பிடுங்கப்பட்டவை.

அந்த வாரமே மாதக் கடைசி. நோட்டை வைத்து எழுதும் அறிக்கையின் ஒரு பிரதி தோட்ட ஆபீசுக்குப் போகும். அது வழக்கம். வேலிக்கு வெளியே நடப்பது எதுவானாலும் துரை போலீசுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாலையோரத்தில் ஒரு தமிழ் முஸ்லிமின் சாப்பாட்டுக் கடை இருந்தது. நானா என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போகும் வழியில் தேத்தண்ணி குடிக்க நின்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, ஒங்களோட செடி எண்ற பொம்பள இருக்கே, அத நேத்து மாத்தா வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க லா." மாத்தா என்றால் போலீஸ்.

"எதுக்கு?"

"காட்டுக்குக் கச்சான் கொடுத்துச்சாம். ஏதோ ரிப்போட்டுல இருந்துச்சுன்னு பேசிக்கிறாங்க." கச்சான் என்று அவர் சொன்னது நிலக்கடலையை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு புள்ளைங்க தம்பி. கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்களோ என்னமோ. அதுக்கு அங்க யாரு இருக்கா?"

காட்டுக்குச் சாப்பாடு கொடுத்தது உறுதியானால் தூக்கு வரைக்கும் போகும் என்றும் ஜனங்கள் பேசிக்கொண்ட காலம் அது. தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போதுதான் எனக்கு உறைத்தது. பிடுங்கியவர் குச்சி நட்ட செடிகளைத் தொடவில்லை. காட்டிலிருந்து வந்தவனுக்குக் குச்சியைப் பற்றி என்ன தெரியும்? பசியில் வருகிறவன் கைக்கு எட்டியதைப் பிடுங்கியிருப்பான். என் எண்ணிக்கை கெடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிடுங்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும்.

வேலிக்குள் போய் அவர் வீட்டைத் தேடினேன். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வந்தார். இரண்டு பிள்ளைகளும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூத்தவளுக்குப் பதினொன்று இருக்கலாம். சின்னவள் கணுக்கால் வீங்கி, முகம் வெளுத்து, நிற்க முடியாமல் நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்றார் நாத்தனார். ஐயா என்று சொல்லவில்லை.

"அக்கா என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு எழுதப் போறீங்களா?"

கைப்பையைக் கீழே வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு சின்னவளைக் கை காட்டினார். "இதப் பாருங்க. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் பாத்துட்டு, உடம்புல சத்தே இல்ல, முட்டை குடு, கச்சான் குடுன்னாரு. பங்கீட்டு அரிசில முட்டைக்கு எங்க போறது? அங்க கைக்குக் கீழ கச்சானா வெளஞ்சு கெடக்கு. மடியில முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்துச்சு. வாசல்ல வெளிய போறதத்தான் தடவிப் பாக்குறாங்க. உள்ள வர்றத யாரு பாக்குறா?"

உள்ளே. காட்டுக்கு அல்ல, வேலிக்கு உள்ளே. அது என் தலைக்குள் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

"தொலி எங்க?"

லயத்துக்குப் பின்னால் அடுப்புச் சாம்பல் கொட்டும் குழிக்குக் கூட்டிப்போனார். மூத்த பெண்தான் குச்சியால் கிளறி எடுத்தாள். ஈரச் சாம்பல் அப்பிய தொலிகள். நான் ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். ஒல்லியாக, நீளமாக, மூன்று பருப்புக்கு மூன்று மேடு. உள்ளே ஒட்டியிருந்த தோல் கருஞ்சிவப்பு. மற்ற ஐந்து ரகத்திலும் இரண்டு பருப்புதான், தோல் இளஞ்சிவப்பு. கடையில் விற்பதும் அப்படித்தான். அந்த வட்டாரத்திலேயே இந்தக் காய் என் பாத்தியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

"போலீசுல இதச் சொல்லலையா?"

"சொன்னா, கடைக் கச்சான்னு சொல்லிடுவாங்க. நாங்க சொல்றத யாரு நம்புவா?"

எல்லாத் தொலியையும் பொறுக்கிக் கழுவி ஒரு துணியில் கட்டினேன். பாத்திக்குப் போய் ஆறு ரகத்திலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கினேன். வாசலில் நின்ற காவலரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, அவரையே கூட வரச் சொல்லி, தோட்டத்து லாரியில் போலீஸ் நிலையத்துக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரர், நடுத்தர வயது. மரியாதையாக உட்காரச் சொன்னார். மலாயில்தான் பேசினோம்; ஐயா என்பதற்கு அதில் டுவான். மேஜை மேல் செய்தித்தாளை விரித்து, ஆறு செடியின் காய்களையும் ஆறு குவியலாக வைத்தேன். ஏழாவதாக, துணியிலிருந்த தொலியைக் கொட்டினேன். அவர் என் அறிக்கையை எடுத்து என் முன்னால் தள்ளினார்.

"கையால் பிடுங்கப்பட்டவை என்று எழுதியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"இப்போது மாற்றிச் சொல்கிறீர்களா?"

"இல்லை டுவான். கையால்தான் பிடுங்கினார்கள். ஆனால் காய் காட்டுக்குப் போகவில்லை."

நான் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து, "திரும்பி உட்காருங்கள்" என்றார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காய் உடைபடும் சத்தம் கேட்டது. உடைந்த தொலியை என் தோளுக்கு மேலாக நீட்டினார். "இது என்ன நம்பர்?"

"ஆறு."

"இது?"

"நாலு."

"இது?"

"இதுவும் நாலு. ஆனால் இது பழைய தொலி டுவான், துணியிலிருந்து எடுத்தது. சாம்பல் வாசனை வருகிறது."

பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் ஒருமுறை தடுமாறினேன். நாலாம் நம்பரில் ஒருமுறைகூடத் தவறவில்லை. என்னை மேஜைப் பக்கம் திரும்பச் சொன்னார். பிறகு தொலிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இருவரும் எண்ணினோம். ஒரு செடியில் அந்த வாரத்தில் எத்தனை காய் இருக்கும் என்பது நோட்டில் இருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினொரு செடிக்குச் சரியாக வந்தது. காட்டுக்குப் போக மிச்சம் இல்லை.

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்படியானால் அவள் திருடி" என்றார்.

அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அது உண்மை என்று சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். "ஆமாம்" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவை உள்ளேயிருந்து கூட்டி வந்தார்கள். பெஞ்சில் உட்காரவில்லை, நின்றார். மேஜை மேலிருந்த தொலிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

"நாத்தனார் பாத்துக்கிறாங்க அக்கா."

அவ்வளவுதான் பேசினோம். அன்றைக்கே விடவில்லை. மேலேயிருந்து உத்தரவு வரவேண்டும் என்று மேலும் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். விட்டபோது, திருடியவளுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று துரை சொல்லிவிட்டார். நான் ஆபீசுக்குப் போய், செடி இலாகாவுடையது, இலாகா புகார் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். துரை நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அறிக்கையை எழுதியது நீங்கள்" என்றார். தலைமை எழுத்தரான பெரிய கிராணி கதவைத் திறந்து பிடித்தார்.

அவர்கள் புறப்பட்ட நாளில் நான் அங்கே இல்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை. பண்டார் பாருவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாக நாத்தனார் பிறகு சொன்னார்.

பாத்திகளும் நிலைக்கவில்லை. அக்கா இன்னும் காவலில் இருந்தபோதே, வேலிக்கு வெளியே தின்னக் கூடிய எதுவும் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அறுவடைக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்கு இரண்டு ஆட்களைக் கொடுத்தார்கள், துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் நின்றார்கள். செடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்து, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். பச்சைச் செடி லேசில் பற்றவில்லை. புகைதான் வந்தது, வறுத்த கடலை வாசனையோடு. பாத்திவாரியாக எடை போட்டால்தான் இந்தச் சோதனைக்கு ஒரு முடிவு கிடைக்கும். பேன் குறைவு என்பது வேறு, விளைச்சல் அதிகம் என்பது வேறு. தராசு லாரியில் இருந்தது. காவலர்களும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் எடுக்கவில்லை. மேலதிகாரி காரணம் கேட்டபோது, நேரமில்லை என்றேன். அந்த நெல் விவகாரத்துக்குப் பிறகு நான் தெரிந்தே சொன்ன பொய் அதுதான். அவரும் மேலே கேட்கவில்லை. நாலாம் நம்பர் நல்ல ரகமா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பேனைத் தாங்கியது என்பது மட்டும் தெரியும்.

நெல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்யாணம் ஆனது. பாக்கார் ஆராங்கில் வீடு எடுத்தோம். பண்டார் பாரு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். ஐந்து வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவசரகாலம் முடிந்துவிட்டதாக அறிவித்த பிறகு, ஒரு வேலையாக அங்கே அனுப்பப்பட்டேன். விசாரித்துக்கொண்டு போனேன். ஆற்றோரத்தில் பலகை வீடு. முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார், கூலிக்கு. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார்.

மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் பக்கத்திலேயே இருந்தாள். சின்னவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். "நல்லா இருக்கா" என்றார். "ஓடுறா."

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நான் எடுத்தேன், நீங்க எழுதினீங்க. அத விடுங்க ஐயா. இப்ப எனக்கு வேற ரோதன."

உள்ளேயிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. ஜப்பான்காரன் வருவதற்கு எத்தனையோ முன்னால் இதே கெடாவில் பிறந்தவர். ஆனால் குடியுரிமைக்கு எழுதிப் போட்டால், போலீசில் பெயர் இருக்கிறது என்று திரும்பத் திரும்பத் தள்ளிவிடுகிறார்களாம். காரணம் என்னவென்று யாரும் விளக்கவில்லை. பெண்கள் இரண்டு பேருக்கும் நீல அட்டை கிடைத்துவிட்டது. இவருக்கு மட்டும் சிவப்பு.

"நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேன் அக்கா. அன்னிக்கு நடந்தத அப்படியே எழுதறேன். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் கொடுத்த வாக்குமூலமும் எங்கயாவது இருக்கும்."

"நீங்களா?" என்றார். தேங்காய் உரிக்கும் கடப்பாரையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஒரு கருவி வேலை செய்யுமா என்று பார்க்கும் பார்வை. "எழுதுங்க. ஆனா எழுதினத எனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டணும். ஒவ்வொரு வரியும். நான் சரின்னு சொன்னாத்தான் அனுப்பணும்."

நாற்காலியை மேஜையாக்கி, தரையில் உட்கார்ந்து எழுதினேன். படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தினார். பசிக் கொடுமையால் என்று நான் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னார். "டிரெசர் சொன்னாரு, அதனால எடுத்தேன்னு போடுங்க. அதான் நடந்தது." இன்னொரு இடத்தில், கூலிப் பெண் என்றிருந்ததை மாற்றிப் பேன் எண்ணியவர் என்று எழுதச் சொன்னார். முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டி எழுதினேன். சரி என்றார். பெருவிரலை அழுத்தினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார். இருந்தேன். கருவாட்டுக் குழம்பும் கங்கோங் கீரையும். மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு கடிதம் போட வேண்டியிருந்தது. ஒருமுறை சாட்சி சொல்ல அலோர் ஸ்டாருக்குப் போனேன். இரண்டு வருஷம் கழித்து மூத்த மகளிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அம்மாவுக்கு நீலக் கார்டு வந்துவிட்டது, தங்கச்சி பரீட்சையில் பாசாகிவிட்டாள், அங்கு அனைவரும் சுகமா என்று எழுதியிருந்தாள். சுகம் என்று அன்றைக்கே பதில் போட்டேன்.